வரிக் கடைசியில் நான் போட்ட பூட்டு

அதிகாரி செருப்பைக் கழற்றி ஒரு கையில் பிடித்திருந்தார். இன்னொரு கையில், நான் அடித்துக் கொடுத்த மனு. பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டி விட்டிருந்தார். முந்தின நாள் மழையில் வரப்பு மண் வழுக்கிக் கொண்டிருந்தது. ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை அவர் கால் சறுக்கியது. ஒவ்வொரு சறுக்கலுக்கும் எனக்கு நெஞ்சு சறுக்கியது.

"அஞ்சம்மாள்ங்கறது யாரு?"

"நான்தாங்க."

"என்னம்மா இது? நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க. புருஷன்தான் சாகுபடி பண்ணினாரு, நான் வெறும் ஒத்தாசை மட்டும்தான் பண்ணினேன்னு."

பக்கத்தில் குடையோடு நின்ற பண்ணையின் காரியக்காரர் ஒன்றும் பேசவில்லை. அவர் பேச வேண்டிய வேலையை என் மனுவே பார்த்துக் கொண்டிருந்தது. ஆபீஸில் மனுவின் நகல் வாங்கி, அந்த வரியின் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்துக் கொண்டு வந்ததோடு அவர் வேலை முடிந்துவிட்டது.

அஞ்சம்மாள் அதிகாரியைப் பார்க்கவில்லை, காரியக்காரரையும் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"என்ன பாய் எழுதுனீங்க?"

நிற்கிற வரப்புக்கு இரண்டு பக்கமும் சேறு. ஓடவும் இடமில்லை.

சைக்கிள் கடை முன்னால் ஒரு மேசை

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதலில் பிரிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. எனக்குச் சொந்த ஊர் கூத்தாநல்லூர். வேலை, பஸ்ஸில் போகிற தூரத்தில் இருந்த ஒரு தாலுகா ஆபீஸுக்கு எதிரே. சைக்கிள் கடை முன்னால் ஒரு மேசை, ஒரு பெஞ்சு, மலேயாவிலிருந்து என் மாமா கப்பலில் கொண்டுவந்த ஒரு டைப்ரைட்டர். மனு, விண்ணப்பம், மேல்முறையீடு, எதுவானாலும் இங்கிலீஷில் அடித்துத் தரப்படும்.

எனக்குப் பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு நின்று போனது. அப்புறம் எங்கே இங்கிலீஷ் படித்தாய் என்று கேட்பீர்கள். கண்ணில் பட்டதிலெல்லாம் படித்தேன். மாமாவின் சரக்குக் கடிதாசிகள், பிஸ்கட் டின், மருந்து பாட்டில், தபாலாபீஸ் பாரம். நாகப்பட்டினத்துக்கு ரயிலில் போனால் பெட்டியில் எழுதியிருப்பதை ஒன்று விடாமல் வாய்விட்டுப் படிப்பேன். கூட வருகிறவர்கள் தள்ளி உட்கார்ந்து கொள்வார்கள்.

அப்படிப் படித்ததில் ஒரு வார்த்தை என்னை விடாமல் துரத்தியது. ஒன்லி.

ரயில் பெட்டியில் லேடீஸ் ஒன்லி. தைல பாட்டிலில் ஃபார் எக்ஸ்டர்னல் யூஸ் ஒன்லி. பாரத்தின் அடியில் ஃபார் ஆபீஸ் யூஸ் ஒன்லி. எங்கே பார்த்தாலும் அது கடைசியில்தான் நின்றது. கல்யாண வீட்டில் பெரிய மனுஷர் கடைசியாக வந்து உட்காருவாரே, அந்த மாதிரி.

பத்திரம் எழுதுகிறவர்களிடம் பழகின பிறகு சந்தேகமே இல்லாமல் போனது. பத்திரத்தில் தொகையை எழுத்தால் எழுதி, கடைசியில் ஒன்லி போடுவார்கள். ஏன் என்று கேட்டேன். "அதுக்குப் பின்னால எவனும் எதையும் சேக்க முடியாது பாய். பூட்டு" என்றார் ஒரு பத்திர எழுத்தர். எழுதின வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவே வெள்ளை இடம் இருந்தால் குறுக்கே கோடு இழுத்து அடைப்பார்களே, அதே காரணம்.

பூட்டு என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. தொகைக்கு மட்டும் ஏன் பூட்டு? ஏழை சொல்கிற வார்த்தைக்கு வேண்டாமா? அன்றிலிருந்து நான் அடித்த மனுக்களில் முக்கியமான வரி ஒவ்வொன்றுக்கும் கடைசியில் ஒரு ஒன்லி தொங்கியது. நான் இந்த ஊரில் குடியிருக்கிறேன் ஒன்லி. எனக்கு மூன்று பெண் பிள்ளைகள் ஒன்லி. தயவுசெய்து உதவவும் ஒன்லி.

ஆபீஸில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஜனங்களுக்கோ அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. அடித்து முடித்ததும் கடைசி வார்த்தையை நான் சத்தமாகச் சொல்வேன். அதைக் கேட்பதற்கென்றே பெஞ்சில் ஆள் இருக்கும். "அந்தக் கடைசி வார்த்தையை நல்லா அழுத்தி அடிங்க பாய், தாளுக்கு அந்தப் பக்கம் தெரியணும்" என்பார்கள். அழுத்தி அடிப்பேன். தாளில் ஓட்டை விழும்.

மேசையில் நிற்கிற பாஷை

ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். அப்போது நடந்தது தமிழைச் சொல்லி ஓட்டு வாங்கி வந்த ஆட்சி. மனுவைத் தமிழிலேயே கொடுக்கலாம் என்று ஆபீஸ் வாசலில் போர்டு மாட்டியிருந்தார்கள். அந்தப் போர்டுக்கு நேர் எதிரே உட்கார்ந்து நான் இங்கிலீஷில் அடித்துத் தள்ளிக் கொண்டிருந்தேன்.

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. வருகிறவர்களே கேட்டார்கள். தமிழில் எழுதினால் பியூன் கூடப் படித்துவிடுவான், அப்புறம் அதற்கு என்ன மரியாதை என்பது அவர்கள் கட்சி. திருவாரூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் சொன்னதை என் நோட்டில் அன்றே எழுதி வைத்தேன்: "தமிழ்ல குடுத்தா கூடையில விழும் பாய், இங்கிலீஷ்ல குடுத்தா மேசையில நிக்கும்." ஜனங்கள் இப்படிப் போகிற போக்கில் சொல்வதைக் குறித்து வைக்க எனக்கு ஒரு தனி நோட்டு உண்டு. கரையான் தின்றது போக பாதி இன்னும் இருக்கிறது.

நிலம் பற்றிய பேச்சு எங்கும் சூடாக இருந்த காலம் அது. கூலித் தகராறு, அறுப்புக்கு வெளியூர் ஆளை இறக்குகிற தகராறு, வரப்பில் செங்கொடி, ரோட்டில் போலீஸ் வேன். நடுவில் ஒரு சட்டம் வந்தது. குத்தகைக்கு உழுகிறவன் பெயர் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறிவிட்டால் அவனை நினைத்த நேரத்தில் இறக்கிவிட முடியாது.

சட்டம் கேட்பதற்கு நன்றாக இருந்தது. ஆனால் குத்தகைக்காரன் கையில் காகிதம் ஏது? எல்லாம் வாய்ப்பேச்சு. களத்தில் நெல்லை அளந்து பண்ணை வீட்டுக்கு வண்டியில் ஏற்றிவிட்டால் கணக்கு முடிந்தது. ரசீது என்று ஒன்றை யாரும் கண்ணால் கண்டதில்லை. அதனால் சட்டம் வந்ததும் சில இடங்களில் பெயர் ஏறுவதற்கு முன்னாலேயே ஆளை இறக்கிவிடுகிற வேலை மும்முரமாக நடந்தது.

அந்த நாட்களில்தான் அஞ்சம்மாள் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

அவள் சொன்னதும் நான் அடித்ததும்

கோரையாற்றுக் கரையில் ஒரு சிற்றூர். முப்பத்தைந்து வயதிருக்கும். ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், பண்ணையிடம் குத்தகை. புருஷன் மஞ்சள்காமாலையில் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. காரியக்காரர் வந்து, ஆம்பள போயிட்டான், குத்தகையும் போச்சு, இனிமேல் இது பண்ணையோட சொந்தச் சாகுபடி என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

"போச்சுன்னா எங்க போச்சு பாய்? நிலம் அங்கதான இருக்கு? நானும் இங்கதான இருக்கேன்?" என்றாள்.

அழவில்லை. கோபமாகவும் இல்லை. கடைக்காரன் சில்லறையைக் குறைத்துக் கொடுத்தால் கேட்போமே, அந்தத் தொனி. அந்த ஆறு மா இல்லாவிட்டால் அவளும் இரண்டு பெண்களும் அடுத்த அறுப்பிலிருந்து கூலிக்குப் போக வேண்டும். அதுவும் அதே பண்ணைக்குத்தான் போக வேண்டும். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. புருஷன் இருந்த இடத்தில் அவள் பெயர் பதிவேட்டில் ஏற வேண்டும்.

பிறகு தான் செய்ததையெல்லாம் சொன்னாள். புருஷன் ஏர் பிடித்தான், வரப்பை ஒழுங்கு செய்து அண்டை வெட்டினான். விதை நெல்லைக் கட்டி முளைக்க வைத்தது இவள். நாற்றங்கால் விட்டது இவள். நடவுக்கு ஆள் சேர்த்தது இவள். முறைத் தண்ணீர் வருகிற அன்றைக்கு மடையில் காவல் நின்றது இவள். களை, எரு, களத்தில் தூற்றல், எல்லாவற்றிலும் அவனுக்குச் சரிக்குச் சரியாக நின்றிருக்கிறாள். கை விரல்களை மடக்கி மடக்கிச் சொன்னாள். இரண்டு கையும் போதவில்லை.

நான் தலையாட்டிக் கொண்டே கேட்டேன். உள்ளுக்குள் எனக்கு வேறு கவலை. நாற்றங்காலுக்கு இங்கிலீஷ் என்ன? மடைக்கு என்ன? விதை கட்டுவதை வெள்ளைக்காரன் எப்படிச் சொல்வான்? எந்தப் பிஸ்கட் டின்னிலும் அதெல்லாம் எழுதியிருக்கவில்லை.

தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. இங்கிலீஷ் பாய் என்று பெயர் வாங்கியாயிற்று. அவள் பத்து விரலிலும் எண்ணிச் சொன்னதை நான் ஒரே வார்த்தையில் சுருட்டினேன்: ஹெல்ப்பிங். புருஷன் சாகுபடி செய்தார், ஐ வாஸ் ஹெல்ப்பிங். வரி மொட்டையாக இருப்பதாகப் பட்டது. வழக்கப்படி பூட்டைப் போட்டேன். ஒன்லி. நன்றாக அழுத்தித்தான் அடித்தேன்.

"எல்லாம் வந்துருச்சா பாய்?" என்றாள்.

"ஒண்ணு விடாம வந்துருச்சு."

கட்டை விரலை மையில் அழுத்தி வைத்துவிட்டுப் போனாள்.

கொஞ்சம் விலகி ஒரு பேச்சு

வரப்புக்குத் திரும்புவதற்குள் இந்த வார்த்தையின் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பட்டு அறிந்தது, உங்களுக்குச் சும்மா கிடைக்கட்டும்.

நம்முடைய 'மட்டும்' இருக்கிறதே, அது ஒட்டுண்ணி. தனக்கு முன்னால் இருக்கிற வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக் கொள்ளும். லட்சுமி மட்டும் சனிக்கிழமை மீன் வாங்கினாள் என்றால், மற்றவர்கள் வாங்கவில்லை. லட்சுமி சனிக்கிழமை மட்டும் மீன் வாங்கினாள் என்றால், ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் ரசம். சனிக்கிழமை மீன் மட்டும் வாங்கினாள் என்றால், காய்கறி கிடையாது. வாங்க மட்டும் செய்தாள் என்றால் ஆபத்து. ஆக்குகிறதுக்கு வேறு ஆள் பார்க்க வேண்டும். ஒரு லட்சுமி, ஒரு மீன், நாலு குடும்ப நிலவரம்.

இதைத் தமிழில் நாலு வயதுப் பிள்ளை கூடத் தப்பாகச் சொல்லாது. "எனக்கு மட்டும் மிட்டாய்" என்பதற்கும் "எனக்கு மிட்டாய் மட்டும்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் எந்தப் பிள்ளைக்குத் தெரியாது?

இங்கிலீஷ்காரனின் ஒன்லியும் இதே சாதிதான். நடை மட்டும் வேறு. நம்முடையது பின்னால் ஒட்டும். அவனுடையது பெரும்பாலும் முன்னால் போகும். எதைக் குறுக்க வேண்டுமோ அதற்கு நேர் முன்னால், இடைவெளி விடாமல் நிறுத்த வேண்டும். பெண்களுக்கு மட்டும், ஆபீஸ் உபயோகத்துக்கு மட்டும் என்று பலகையில் கடைசியில் நிற்கிறதென்றால், பலகையில் இருப்பதே இரண்டு மூன்று வார்த்தை, அங்கே குழப்பத்துக்கு இடமில்லை. நீளமான வரியில் கடைசியில் விட்டால் பக்கத்தில் எது அகப்படுகிறதோ அதைக் கடிக்கும். அஞ்சம்மாள் மனுவில் அதன் பக்கத்தில் அகப்பட்டது ஹெல்ப்பிங்.

ஆனாலும் எல்லாப் பழியையும் அந்த வார்த்தை மேல் போட எனக்கு மனம் வரவில்லை. அதைத் தூக்கிவிட்டுப் பார்த்தாலும் மிச்சம் இருப்பது ஹெல்ப்பிங்தானே? அவள் உழைப்பை முதலில் குறைத்தது நான். வார்த்தை அப்புறம் வந்தது.

வரப்பில்

இப்போது வரப்புக்கு வாருங்கள். அஞ்சம்மாள் துணைக்குக் கூப்பிட்டதால் நானும் போயிருந்தேன்.

வயல் உழுது, சேறு கலக்கித் தயாராகக் கிடந்தது. உழுதது அஞ்சம்மாளின் தம்பி. அதிகாரி இடத்தைப் பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும் காரியக்காரர் விடியற்காலையிலேயே பண்ணை நாற்றங்காலிலிருந்து நாற்று முடிகளைக் கொண்டுவந்து வயலில் இறைத்துவிட்டார். நடவுப் பெண்கள் பதினெட்டு பேரையும் வரவழைத்திருந்தார். அதிகாரி கண் முன்னால் பண்ணை ஆள் நட்டுவிட்டால், இது பண்ணை சாகுபடி என்பதற்கு வேறு சாட்சி எதற்கு? கெட்டிக்கார யோசனைதான்.

"என்ன பாய் எழுதுனீங்க?" என்று அஞ்சம்மாள் இரண்டாவது தடவை கேட்டாள்.

எனக்கு இரண்டு வழி இருந்தது. அவள் சொன்னதைத்தான் அடித்தேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால் என் மேசை பிழைக்கும். தாலுகா ஆபீஸ் எதிரே இன்னும் இரண்டு பேர் டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருந்தார்கள். என் பெயர் கெட்டால் என் பெஞ்சு காலியாகி அவர்கள் பெஞ்சு நிரம்பும். இப்படியெல்லாம் யோசித்தேனா என்றால், யோசித்தேன். மூச்சு ஒருமுறை இழுத்து விடுகிற நேரத்தில் மனுஷன் எவ்வளவோ யோசித்துவிடுகிறான்.

"அய்யா, அந்த வார்த்தை என்னோடது. அந்தம்மா அப்படிச் சொல்லலை. அவங்க சொன்னதுக்கு இங்கிலீஷ் எனக்குத் தெரியலை. நானாச் சுருக்கிட்டேன்" என்றேன்.

சொன்னதும் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். காரியக்காரர் இறங்க விடவில்லை.

"ஒரு வார்த்தை பாயோடதுன்னா மிச்ச வார்த்தை யாரோடதுங்க? மொத்த மனுவே பாய் மனு. பாய் பேர்ல குத்தகை பதிஞ்சுட்டுப் போங்க."

அதிகாரி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, அதை விட மோசமான ஏதோ இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர் அவர். என்னை விடப் பத்து வயது சின்னவர். மனு செல்லாது என்றாகிவிட்டால் அஞ்சம்மாளுக்கு ஒன்றுமே மிஞ்சாது, வேறு ஏதாவது காட்ட முடியுமா என்று கேட்டார். ரசீது? இல்லை. ஒப்பந்தம்? இல்லை. அவர் தாளை மடிக்க ஆரம்பித்தார். நான் பேசியதில் அவள் நிலைமை முன்னை விட மோசமாகிவிட்டது என்பது எனக்கே புரிந்தது.

மடித்துக் கொண்டே அவர் நிமிர்ந்தார். எதிர் வரப்பில் நின்ற பெண்களைப் பார்த்தார்.

"நாத்து போட்டாச்சு. அவங்க ஏன் நின்னுட்டே இருக்காங்க?"

வெத்தில வரலைங்க

உண்மையில் எங்கள் யாருக்குமே அது அதுவரை கண்ணில் படவில்லை. பதினெட்டு பேரும் சேலையை இழுத்துச் செருகி, நடவுக்குத் தயாராக, வரிசையாக வரப்பு மேல் நின்றார்கள். ஒருத்தி கால் கூடச் சேற்றில் இல்லை.

"இறங்குங்கடி. அய்யா பார்க்க வந்திருக்காங்கல்ல" என்று காரியக்காரர் சத்தம் போட்டார்.

யாரும் அசையவில்லை. எல்லோரும் ருக்மணியைப் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் முன்னே நிற்கிற ஆள் அவள்தான். அவள் இறங்கினால் எல்லோரும் இறங்குவார்கள். ருக்மணி வானத்தைப் பார்த்தாள், வாய்க்காலைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்:

"வெத்தில வரலைங்க."

அதிகாரிக்குப் புரியவில்லை. எந்த வெற்றிலை என்று என்னைக் கேட்டார். அவர் ஊர்ப் பக்கம் வழக்கம் வேறு போல. அந்த ஊர் வழக்கம் இது: நடவுக்கு முதல் நாள், சாகுபடி செய்கிற வீட்டுப் பொம்பளை தெருவில் ஒவ்வொரு நடவாள் வீட்டுக்கும் போய், நாளைக்கு எங்க வயலுக்கு வாங்க என்று சொல்லி வெற்றிலை பாக்கு வைக்க வேண்டும். வைக்காத வயலில் முதல் நாற்றை ஊன்ற மாட்டார்கள். ஊன்றினால் வயலுக்கும் ஆகாது, கைக்கும் ஆகாது என்று நம்பிக்கை.

நான் சொல்லி முடிப்பதற்குள் காரியக்காரர் குடையை ஆட்டிக் கொண்டு முன்னால் வந்தார். அவருக்கு மானம் போகிறது. அதிகாரி முன்னால் பண்ணைப் பேச்சு எடுபடவில்லை என்றால் எப்படி?

"ஏ ருக்மணி, புதுசா என்ன வழக்கம் பேசற? பண்ணை வயலுக்கு என்னிக்குடி வெத்தில வச்சிருக்கு? காலைல தெரு முனையில நின்னு ஆள் கூப்புடுவான், வந்து நட்டுட்டுப் போவீங்க. இவ்வளவு வருஷமா அப்படித்தான?"

"அப்படித்தாங்க" என்றாள் ருக்மணி. "பண்ணை வயலுக்குக் கிடையாது. நாங்களும் அதைத்தான் சொல்றோம். இந்த வயலுக்கு உண்டுங்க."

காரியக்காரரின் குடை ஆட்டம் நின்றது.

அதிகாரி மடித்த தாளை விரித்தார். அதன் வெள்ளைப் பக்கத்தைத் திருப்பிக் கொண்டார். "நீங்க சொன்னதை எழுதிக்கட்டுமா?" என்று காரியக்காரரைக் கேட்டார்.

"நான் என்னங்க சொன்னேன்?"

"பண்ணை வயலுக்கு வெத்தில கிடையாதுன்னு."

காரியக்காரர் குடையை மடக்கினார்.

போன நடவுக்கு இந்த வயலுக்கு வெற்றிலை வைத்தது யார் என்று அதிகாரி ருக்மணியைக் கேட்டார். அவள் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். வருஷத்தில் முக்கால்வாசி நாள் வேலை கொடுக்கிறது பண்ணை. அவள் ஒரு வார்த்தையில் பதினெட்டு வீட்டு அடுப்பு இருந்தது. பின்னால் நின்ற ஒருத்தி அவள் முழங்கையை இடித்தாள். சொல்லு என்று இடித்தாளா, சொல்லாதே என்று இடித்தாளா, எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"அஞ்சம்மாக்காதாங்க வச்சுச்சு" என்றாள். "போன வருஷமும், அதுக்கு முந்தியும். அது கல்யாணமாகி வந்ததுலேருந்து."

"அவங்க புருஷன் ஒருதடவையும் வைக்கலையா?"

"ஆம்பள வந்து வெத்தில வச்சா நாங்க என்னன்னுங்க வாங்குவோம்?"

வரப்பு முழுக்கச் சிரிப்பு. அதிகாரியும் சிரித்துவிட்டார். சிரித்ததில் கால் வழுக்கி ஒரு கால் சேற்றுக்குள் போயிற்று. அவர் அதை எடுக்கவில்லை.

பிறகு அஞ்சம்மாளைத் தமிழிலேயே சொல்லச் சொன்னார். எழுதுவதற்கு மேசை இல்லை. நான் போய் அவர் முன்னால் குனிந்து நின்றேன். அவர் கொஞ்சம் தயங்கினார்; அப்புறம் என் முதுகில் தாளை வைத்து எழுதினார். அஞ்சம்மாள் விரலை மடக்கி மடக்கி முதலிலிருந்து சொன்னாள். விதை கட்டினது, நாற்றங்கால் விட்டது, மடை பார்த்தது, ஆள் அழைத்தது, களை எடுத்தது, களத்தில் தூற்றினது. பேனா ஒவ்வொன்றுக்கும் என் முதுகில் ஊர்ந்தது. எதையும் அவர் சுருக்கவில்லை. எனக்கு இடுப்பு பிடித்துக் கொண்டது. நிமிர வேண்டும் என்று தோன்றவில்லை.

எழுதி முடித்ததும் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். "புருஷனோடு சேர்ந்து" என்ற இடத்தில் அஞ்சம்மாள் கையைக் காட்டி நிறுத்தி, அவரும் நானும் என்று போடச் சொன்னாள். போட்டார். ருக்மணியும் சாட்சியாக ரேகை வைத்தாள்.

அதற்குப் பிறகு

அதற்குப் பிறகு எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். ருக்மணி கூட்டத்தைப் பண்ணை ஒரு மாதம் போல வேலைக்குக் கூப்பிடவில்லை. வேறு ஊருக்கு நடந்து போய் நட்டுவிட்டு வந்தார்கள். பயிர் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் களைக்கு வந்ததும், வேறு வழியில்லாமல் தெரு முனையில் பழையபடி ஆள் வந்து நின்றான்.

என் பெஞ்சும் கொஞ்ச நாள் காலியாகத்தான் கிடந்தது. நடந்தது நான் போவதற்கு முன்னாலேயே ஆபீஸ் வாசலுக்குப் போய்விட்டது. வந்த சிலரிடம், இங்கிலீஷ் வேண்டாம், தமிழிலேயே கையால் எழுதித் தருகிறேன், எழுதினதைப் படித்தும் காட்டுகிறேன் என்றேன். பாதிப் பேர் எழுந்து பக்கத்து மேசைக்குப் போனார்கள். மிச்சப் பேர் உட்கார்ந்தார்கள். படித்துக் காட்டும்போது ஒவ்வொருவரும் எங்காவது ஓரிடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்கள். அதுவரை எத்தனை பேருடைய அந்த இடத்தை நான் பூட்டி அனுப்பியிருந்தேன் என்று எண்ணிப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் ஒரு நாள் அஞ்சம்மாள் வந்தாள். ஆபீஸிலிருந்து உத்தரவு வந்திருந்தது. உறை பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. அவள் ஊரில் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமலில்லை. பஸ் ஏறி என்னிடம் வந்திருந்தாள்.

உறையைக் கிழித்தேன். தமிழில் ஒரே பக்கம். சாகுபடி செய்கிறவர் என்ற இடத்தில் அவள் பெயர். கீழே கோபுர முத்திரை. படிக்க வாயெடுத்தேன். அவள் தாளின் மேல் கையை வைத்து மூடினாள்.

"இதுல உங்க வார்த்தை ஏதாச்சும் இருக்கா பாய்?"

"ஒண்ணு கூட இல்லம்மா."

"அப்பப் படிங்க" என்று சொல்லிவிட்டு, காலை மடக்கிப் பெஞ்சு மேல் நன்றாக உட்கார்ந்து கொண்டாள்.